நான் கேட்டு வெட்டிய துண்டு

மூதூர்
ஒக்டோபர் 8, புதன்கிழமை

என் அன்பு மகன் ஸுஹைருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அந்த டோஹா வெயிலிலும் அல்லாஹ் உன்னை நிழலில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு உம்மா எழுதுகிறேன். நானும் உன் தங்கச்சி ஸல்ஹாவும் இருக்கிறோம். பட்டி மாடுகளை மாமா பார்த்துக்கொள்கிறார். சிவப்பி கன்று போட்டிருக்கிறது. கிடாரிக் கன்று.

போன் இருக்கும்போது உம்மாவுக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் வாப்பாவின் கதையை எடுத்தால், "ஆஸ்பத்திரிக்காரன் வாப்பாவச் சாகடிச்சிட்டான், அந்தக் கதைய விடுங்க உம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை நீ பாதியில் மடித்து வைத்தாலும் பிறகு எடுத்து வாசிக்கலாம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப் பிழை இருக்கும். ஸல்ஹா எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். அவளுக்கும் தெரியாத ஒன்று இதில் இருக்கிறது.

உன்னோடு ஒரே ரூமில் இருக்கிற அஷ்ரப் லீவில் வந்தவன், திங்கட்கிழமை நம் வீட்டுக்கு வந்தான். வாப்பா மௌத்தானதில் இருந்து நான் இத்தாவில், வெளி ஆண்களுக்கு முன்னால் வராமல் இருப்பதால், அவன் வாசலில் நின்று ஸல்ஹாவோடு கதைத்தான். நான் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஐந்து கிழமையாக உனக்கு அந்தியானால் காய்ச்சலாம். பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாயாம். "இவன் இப்ப பெல்ட்டுல ஆணியால ரெண்டு ஓட்ட போட்டுத்தான் கட்டுறான், நாங்க அவன ஸ்லிம் நானா எண்டுதான் கூப்புடுற" என்று சிரித்துச் சொன்னான். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்.

அதுதான் மூன்று கிழமையாக நீ வீடியோ போடாமல் வெறும் குரலில் கதைக்கிறாய். லைன் சரியில்லை என்கிறாய். அஷ்ரப் அதே ரூமில் இருந்து தன் உம்மாவுக்கு முகம் காட்டித்தான் கதைத்தானாம்.

இன்றைக்கு எனக்கு இத்தாவில் எண்பத்தாறாவது நாள். நாலு மாதமும் பத்து நாளும் முடிய இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணுகிறேன். யன்னலால் பார்த்தால் குடாக் கடலும் அக்கரையில் துறைமுகமும் தெரியும். ஒரு கப்பல் ஒரு கிழமையாக அசையாமல் நிற்கிறது. அதுவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முதலில் வந்துபோன பெண்டுகள் இப்போது வருவதில்லை. வாப்பாவின் வருத்தம் தொற்றுமாம், யாரோ கதை கட்டியிருக்கிறார்கள். கடைசியாக வந்தவள் பிளேன்டியை வாயில் வைக்காமல், சூடு சூடு என்று சொல்லி ஆறும் வரைக்கும் வைத்திருந்து, அப்படியே வைத்துவிட்டுப் போனாள். வாப்பாவின் கதிரை மூலையில் கிடக்கிறது. நான் அதற்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து எழுதுகிறேன்.

சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் போன மாதம் வந்தார். கஜீபன் என்று பெயர், சம்பூர்ப் பக்கத்துப் பிள்ளை. அவரும் வாசலில் நின்றுதான் கதைத்தார். ஸல்ஹா முதலில் கேட்டது, எங்களுக்கும் தொற்றுமா என்பதைத்தான். "இல்லைத் தங்கச்சி, தொட்டாலோ ஒண்டாச் சாப்பிட்டாலோ வராது. இது ஒரு ஈயால வாறது. மணல் ஈ எண்டு பேர், ஆனா கடற்கரை மணலில இருக்கிற சாமான் இல்லை" என்றார். நுளம்பை விடச் சின்னதாம். சத்தம் போடாதாம். கறையான் புற்று வெடிப்பிலும் மரப் பொந்திலும் சாணிக் குவியலுக்குக் கிட்டவும் பகலில் ஒளிந்திருந்து, பொழுது பட்ட பிறகு வந்து கடிக்குமாம். வருத்தம் உள்ள ஒருவரைக் கடித்த ஈ இன்னொருவரைக் கடித்தால் கிருமி உள்ளே போய்விடுமாம். கடித்த உடனே ஒன்றும் தெரியாது, மாதக் கணக்காகச் சும்மா கிடந்துவிட்டுப் பிறகுதான் காய்ச்சலாக வருமாம்.

பட்டிக்குப் பக்கத்தில் புற்று இருக்கிறதா என்று அவர் கேட்டார். ஸல்ஹா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கொட்டில் புற்றில் சாய்ந்துதான் நிற்கிறது என்று உனக்குத் தெரியும்.

இத்தாவில் இருக்கிறவள் பிற ஆணோடு தேவையில்லாமல் கதைக்கக் கூடாது. எனக்குத் தேவை இருந்தது. திரைக்குப் பின்னால் இருந்தே கேட்டேன், "தம்பி, நுளம்பு வலைக்குள்ள படுத்தா ஒண்டும் இல்லத்தானே?" என்று. "சாதாரண வலைக் கண்ணுக்குள்ளால அது பூந்திடும் அம்மா" என்றார்.

நோன்புக்கு முந்தி லீவில் வந்தபோது நீ வெருகல் பக்கத்துப் பட்டியில் வாப்பாவோடு இருபத்திரண்டு நாள் படுத்தாய். நான் சண்டை பிடித்தேன், வெளிநாட்டில் இருந்து வந்த பிள்ளையை மாட்டுக்குள் கொண்டுபோய்ப் போடுகிறீர்களே என்று. அப்போது வாப்பா சொன்னது, "இருக்கிற ஒரு வலைய அவனுக்குத்தான் கட்டி உட்டிருக்கன் புள்ள, நீ யோசிக்காத." வாப்பா மௌத்தான பிறகு நான் பிடித்துக்கொண்டு இருந்தது அந்த வலையைத்தான். அவருக்கு வந்தது உனக்கு வராது என்று இருந்தேன்.

கை நோகிறது. பிறகு எழுதுகிறேன்.

வியாழக்கிழமை

மகன், இனி எழுதுவதைக் கிழித்துப் போடாமல் வாசி.

வாப்பாவுக்கு நோன்புப் பெருநாள் கழிந்து காய்ச்சல் பிடித்தது. வரும், வேர்த்து விட்டுவிடும், இரண்டு நாள் இருக்காது, திரும்ப வரும். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னுக்குத் தள்ளியது. "பட்டித் தயிரையும் நெய்யையும் திண்டு தொந்தி வச்சிட்டீங்க, முதலாளி" என்று நான் பகடி பண்ணினேன். அவரும் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார். முகம் கறுத்தது, வெயில் என்று நினைத்தேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் மலேரியா பார்த்தார்கள், டெங்கு பார்த்தார்கள், இல்லை. எங்கே இருக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டார். "மூதூர், பள்ளிக்குப் பக்கத்துல, சொந்தக் கல்வீடு" என்றார் வாப்பா. பட்டியைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பட்டி தொழில் பார்க்கிற இடம், இருக்கிற இடம் இல்லை என்பதுதான் எங்கள் எண்ணம். இருபது வருஷமாக வருஷத்தில் பாதி நாள் அவர் படுத்தது அங்கேதான்.

ரத்தத்தில் எல்லாம் குறைந்துபோயிருக்கிறது, மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றார்கள். இடுப்பெலும்புக்குள் ஊசி விட்டு உள்ளே இருக்கிற மச்சையை எடுத்துப் பார்த்தால்தான் என்ன வருத்தம் என்று தெரியும், தெரியாமல் மருந்து தொடங்க ஏலாது என்று அந்த டொக்டர் பொம்பிளை எனக்கு இரண்டு தரம் விளங்கப்படுத்தினார். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் பெண்சாதி, எலும்பில் ஊசி போட்டவர்கள் பிறகு எழும்பி நடந்ததில்லை என்றாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாலு நாள் இருந்தது. வாப்பா குர்பானுக்கு என்று ஒரு மாட்டைப் பார்த்து வைத்திருந்தார்.

வாப்பா சொன்னார், "ஊசியக் குத்தி முடிச்சிட்டே போவம் புள்ள, ரெண்டு நாள்தானே."

நான்தான் மாட்டேன் என்றேன். பெருநாள் முடியட்டும் என்றேன். சொந்த விருப்பத்தில் போகிறோம் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். சித்தி பரீதா என்று என் கையெழுத்தைத்தான் வைத்தேன். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டித் தந்தார்கள்.

உனக்கு போனில் "துண்டு வெட்டி வீட்ட அனுப்பிட்டாங்க" என்று சொன்னேன். அவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று நீ எடுத்துக்கொண்டாய். நான் திருத்தவில்லை. ஜனாஸா அன்று நீ போனில் அவர்களைத் தூஷணத்தால் ஏசினாய், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. துண்டை அவர்களாக வெட்டவில்லை மகன். நான் கேட்டு வெட்டியது.

இருபத்தைந்து நாள் வீட்டில் வைத்திருந்தேன். குர்பான் மாட்டை அறுத்து ஈரலும் மண்ணீரலும் குசினிக்கு வந்தது. எத்தனையோ பெருநாளுக்குக் கழுவி வெட்டியிருக்கிறேன். இந்த வருஷம் மண்ணீரலைக் கையில் எடுத்தபோது மட்டும் வாப்பாவின் வயிறு ஞாபகத்துக்கு வந்தது. எடுத்து வைத்துவிட்டேன், யாருக்கும் சொல்லவில்லை.

திரும்பக் கொண்டுபோகும்போது அவருக்கு மூக்கால் ரத்தம் வந்தது. டொக்டர் பேனையால் வயிற்றில் கோடு போட்டுக் காட்டினார். விலாவுக்குள் கைக்குத் தெரியாமல் இருக்க வேண்டிய மண்ணீரல் தொப்புளைத் தாண்டிக் கீழே நின்றது. அன்றைக்கே ஊசி போட்டார்கள். ஒரு பிளேன்டி குடிக்கிற நேரம்தான். அந்திக்கு வாப்பா தானாக எழும்பிக் கழுவுமிடத்துக்கு நடந்து போனார். நடக்கிற மனிசனைப் பார்த்துக்கொண்டு நான் அழுதேன். தன் நோவைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்து, "ஒண்டும் இல்ல புள்ள" என்று அவர் என்னைத் தேற்றினார்.

மச்சையில் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அப்போதுதான் டொக்டர் காட்டில் படுப்பீர்களா என்று கேட்க, பட்டிக் கதை வெளியில் வந்தது. மஞ்சள் மருந்து ஒன்றைக் கொழும்பில் இருந்து எடுப்பித்து, போத்தலில் கலந்து மெல்ல மெல்ல ஏற்றினார்கள். ஏற்றும்போது குளிரும், நடுங்கும். ஒவ்வொரு நாளும் சிறுநீரகம் பார்க்க ரத்தம் எடுப்பார்கள். நாலாவது போத்தலோடு காய்ச்சல் விட்டது. மீன் ஆணம் கேட்டார். காய்ச்சி அனுப்பினேன், சாப்பிட்டார். பிறகுதான் சளி நெஞ்சில் இறங்கியது. சீனி வருத்தமும் இருந்தது அல்லவா, தாங்கவில்லை. "மருந்து வேலை செஞ்சது அம்மா, உடம்பிலதான் பெலன் மிச்சம் இருக்கேல்ல. ஒரு மாதம் முந்தியெண்டா வேற" என்றார் டொக்டர். கையெழுத்து வைத்தவள் நான் என்று தெரிந்தும் அவர் என் தோளில் கை வைத்துத்தான் சொன்னார்.

மையித்தைக் கழுவும்போது நான் பார்த்தேன். மண்ணீரல் குறைகிறதா என்று பார்க்க அவர்கள் இடைக்கிடை போட்ட பேனைக் கோடு முழுதாக அழியவில்லை.

சனிக்கிழமை

நேற்று நான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். வாப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு பட்டிக்குப் போய்வந்தவள் என்பதால் என்னையும் பார்க்க வேண்டும் என்று கஜீபன் சொல்லியிருந்தார். இத்தா முடியட்டும் என்று தள்ளிக்கொண்டு இருந்தேன். பெருநாள் முடியட்டும் என்று சொன்ன அதே வாய்தான். அஷ்ரப் வந்துபோன பிறகு ஸல்ஹாவை மௌலவியிடம் கேட்க அனுப்பினேன். வைத்தியத்துக்குப் போகலாம், பொழுது படமுன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றார். வேன் யன்னலுக்குச் சீலை கட்டி மறைத்துக் கூட்டிப் போனார்கள். பாலத்தில் கடல் காற்று முகத்தில் பட்டபோது பிழை செய்கிறவள் போல இருந்தது.

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை ஒரு சின்ன அட்டையில் விட்டார்கள். கோடு விழுகிறதா என்று பார்ப்பதாம். அதை மட்டும் நம்ப ஏலாது என்று ரத்தமும் வயிறு ஸ்கேனும் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு இல்லாததை வைத்து நான் என்ன செய்ய.

உன் கதையைச் சொன்னேன். டொக்டர் இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதித் தந்திருக்கிறார். அதையும் வாப்பாவின் டயக்னோசிஸ் காட் கொப்பியையும் இதோடு வைத்திருக்கிறேன். நாளைக்கு அஷ்ரப் அங்கே திரும்பும்போது கொண்டு வருவான். இரண்டையும் அங்கத்தைய டொக்டரின் கையில் கொடு. காய்ச்சல் என்று மட்டும் சொல்லாதே, எங்கே படுத்தாய் என்று சொல். டோஹாவில் ரூம் என்று சொல்லிவிட்டு வராதே. பட்டியைச் சொல், புற்றைச் சொல், இருபத்திரண்டு நாள் என்று சொல். இடது பக்க விலாவுக்குக் கீழே கை வைத்துப் பார்க்கச் சொல். எலும்பில் ஊசி என்றால் பயப்படாதே, வாப்பா நடந்தார். இது வேறு ஏதும் சின்னக் காய்ச்சலாக இருந்தால் நீ என்னைப் பைத்தியம் என்று சொல், நான் கோபிக்க மாட்டேன். இதுதான் என்றாலும் வேளைக்குப் பிடித்தால் மாறும் என்று அந்த டொக்டர் என் கையைப் பிடித்துச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் வேலையை நிறுத்தி ஊருக்குப் பெட்டி கட்டி அனுப்பிவிடுவார்கள் என்று அஷ்ரப்பிடம் சொன்னாயாம். அனுப்பட்டும். நீ பெட்டி கட்டிக்கொண்டு வந்து இறங்குவதில் எனக்கு ஒரு பயமும் இல்லை.

மௌத்தான புருஷனுக்கு நாலு மாதமும் பத்து நாளும் என்று அல்லாஹ் ஒரு கணக்கு வைத்திருக்கிறான். இருந்து முடிக்கலாம். மற்றவர்கள் மௌத்தானால் துக்கம் மூன்று நாளாம். அந்த மூன்று நாளைப் பற்றி நான் நினைக்கவில்லை, நினைக்கவும் மாட்டேன்.

என்னில் கோபம் என்றால் கோபமாகவே இரு. வாப்பாவின் விஷயத்தில் என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அது பிறகு பார்க்கலாம். டொக்டரிடம் போ, போய்விட்டு அன்றைக்கே போன் எடு.

வல்லவன் உன் உடம்பில் பெலனை மிச்சம் வைத்திருக்கட்டும். எடுக்கும்போது வீடியோவில் எடு. பிற ஆட்களுக்கு முகம் காட்டாமல் இருக்க வேண்டியவள் நான்தான் மகன், நீ இல்லை. மெலிந்திருந்தாலும் கறுத்திருந்தாலும் பரவாயில்லை. முகத்தைக் காட்டிக் கதை.

இப்படிக்கு
உன் உம்மா
சித்தி பரீதா