சும்மா நிற்கும் உளவாளி

என் தங்கத்துக்கு,

அப்பா குரல் கொடுத்த வீடியோ கேம் ஒருவழியாக வெளிவந்துவிட்டது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீ பிரிக்காமலே மேசைமேல் வைத்திருப்பாய், தெரியும். அப்பா போன பிறகு நீ வீட்டுப் படியேறவில்லை. ஏனென்று நானும் கேட்கவில்லை.

கேமுக்கு மூலமான நாவலில், அப்பா குரல் கொடுத்த அந்த உளவாளி துப்பாக்கியைத் தொடவே மாட்டான். ஜன்னலோரம் உட்கார்ந்து காத்திருப்பான், அவ்வளவுதான். கேமில் எடுத்ததற்கெல்லாம் அடிதடி. குண்டடி பட்டு விழுவதற்கென்றே அப்பா விதவிதமாக அலறிக் கொடுத்தார். ஒலித்தொகுப்பு என் வேலையாயிற்றே, அத்தனை அலறலையும் நான்தான் வெட்டி ஒட்டினேன். உளவாளி சாகிறான், பொத்தானை அழுத்தினால் எழுந்து நிற்கிறான். கொடுத்துவைத்தவன்.

கேம் வேலை முடியும் கடைசி வாரம், அப்பா போன பிறகு, இயக்குநர் என்னிடம் வந்தார்.

"விளையாடுறவங்க கையை எடுத்துட்டா ஆளு சும்மா நிக்கிறான். ஏதாவது பேசணும். வேற யாரையாவது வச்சு எடுத்துடலாமா?"

"வேண்டாம் சார், அவர் பேசினதே என்கிட்ட இருக்கு."

ஒலிப்பதிவுக்கு நடுவே, மைக்கை அணைக்காதது தெரியாமல், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா என்னிடம் சொன்னது அது. முன்னால் வரும் இருமலை நறுக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டேன்.

அதனால் நீ யாரையும் சுட வேண்டாம், எங்கேயும் ஓட வேண்டாம். கேமைத் தொடங்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார். அப்பா இருமுவார். பிறகு சொல்வார்:

"போதும்மா, வீட்டுக்குப் போலாம் வா."

வாயேன்.

அம்மா