தலைமாடு எந்தப் பக்கம், அக்கா?

என் அருமைத் திரேசம்மா அக்கா,

முல்லைத்தீவில் நான் படிப்பித்த காலத்தில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும். "சேர், சவப்பெட்டி ஏன் காலடியிலை ஒடுங்கியிருக்கு?"

"மீனைப் பார். தலை அகலம், வால் ஒடுக்கம். மனிசனும் அப்பிடித்தான். பலகையும் மிச்சம்" என்றேன். வீட்டில் வந்து சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள்.

"தலை எந்தப் பக்கமெண்டு தெரியத்தானடா, மாஸ்டர். என்ரை காலடியிலை சிலுவையை நட்டுப்போடாதை. எழும்பி வந்து காதைத் திருகுவன்."

அந்தப் பகிடிதான் இப்போது என்னைப் பயமுறுத்துகிறது.

வவுனியாவுக்கு வைத்தியத்துக்குப் போன இடத்தில் நீங்கள் கண்ணை மூடிய செய்தி வந்ததும், இங்கே சூசைத் தச்சர் உங்கள் அளவுக்குப் பெட்டி செய்து முடித்தார். தோளில் அகன்று காலில் ஒடுங்கும் நம்முடைய பெட்டி. லொறியில் வந்து இறங்கியதோ நீள்சதுரப் பெட்டி. இரு முனையும் ஒரே அகலம், சுற்றிவர ஆணி. தொற்றுக் காய்ச்சல், திறக்கக்கூடாது என்று ஒரு கடிதமும் கூட வந்தது.

"மாஸ்டர், தலைமாடு எது?" என்று சூசை கேட்டார். லொறிக்காரர் கையை விரித்தார். "ஏத்தினது நானில்லை ஐயா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன். பிறகு மற்றதை. படுத்திருக்கும் ஆளுக்கு இடுப்புக்கு மேலேதான் பாரம் கூடுதல். பாரமான முனையைத் தொட்டு "இதுதான்" என்றேன், கரும்பலகையில் விடையை எழுதி முடிக்கிற குரலில். ஒருவரும் மறுத்துக் கேட்கவில்லை. சிலுவை அங்கேதான் நிற்கிறது.

ஒரு மாதம் கழித்து அதே லொறிக்காரரைத் தேத்தண்ணிக் கடையில் கண்டேன். "தூரப் பயணமெண்டால் காலடியிலை மரத்தூள் மூட்டை வைச்சு இறுக்கி விடுவினம் ஐயா. ஆட்டம் இருக்காது" என்றார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். உங்கள் பெட்டியிலும் வைத்தார்களா? வைத்திருந்தால், நான் தொட்ட பாரமான முனை காலடியாகவும் இருக்கலாமே. அவருக்குத் தெரியாது. வேறு யாரைக் கேட்பது?

அன்றிலிருந்து உங்கள் குழிக்கு இரண்டு மெழுகுதிரி கொண்டு வருகிறேன். ஒன்று சிலுவையடியில், மற்றது எதிர் முனையில். அது பக்கத்துக் குழிக்காரருக்கென்று சனம் நினைக்கிறது.

அக்கா, வருகிற கிழமை எனக்கும் வவுனியாவில் வயிற்றில் சத்திரசிகிச்சை. கத்திக்குப் பயமில்லை என்று மகளிடம் சொன்னேன்.

"பிறகேன் அப்பா அங்கத்தைச் சவப்பெட்டிக் கடையளை விசாரிக்கிறியள்?"

அங்கே கடைகளில் பித்தளைப் பிடி போட்ட நேர்ப் பெட்டிகள் வந்திருக்கின்றனவாம். வடிவாக இருக்குமாம். என்னை அதில் வைத்து ஆணி அடித்துவிட்டால், இங்கே நின்று பாரம் பார்த்துத் தலைமாட்டைச் சொல்லப்போவது யார்? அவளா?

இன்றே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். நான் நடந்து திரும்பினால், உங்கள் மற்ற முனையிலும் ஒரு சிலுவை நடுவேன். பெட்டியில் திரும்பினால், அவள் நடுவாள். இது வாக்கு.

இதை வாசிக்கிறவர்களே, நேர்ப் பெட்டியை மூட முதல், தலைப்பக்கத்துப் பலகையில் வெண்கட்டியால் அழுத்தி ஒரு கோடு போடுங்கள்.

உங்கள் கைக்குக் காதைத் தரவேண்டிய தம்பி,
செபமாலை