கத்திரி வெயிலில் விற்க வேண்டிய வீடு

மே 5, திங்கள்

கத்திரி தொடங்கி இரண்டாம் நாள். காலை எட்டு மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. வடாம் போட்டுவிட்டு ஓடி வந்தேன். கரன்ட் இரண்டு முறை போனது.

புரோக்கர் குமரேசன் வந்தார். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார். எங்கள் நகர் முழுக்க ஒரு காலத்தில் அவர் குடும்பத்து நெல்வயல். துண்டு போட்டு விற்றது அவர் அப்பா. அவர்கள் வீடு மட்டும் பெருங்களத்தூரில் ஜிஎஸ்டி ரோடு பக்கம், மேட்டில். விவரமான குடும்பம்.

"டீச்சர், வூட்ட விக்கணும்னா இதான் மாசம். தை நல்ல மாசம், அத்த வுட்டாச்சு. ஆடில எவனும் வர மாட்டான். ஐப்பசி, கார்த்திகை தண்ணி. மார்கழி கேக்கவே வாணாம். இப்ப வுட்டா அடுத்த தைதான்."

தையில் ஏன் விற்கவில்லை? சுவரில் ஈரம் காயவில்லை. மாசி, பங்குனியில்? என் கொழுந்தன் டேனியலின் பெண்டாட்டி, தவக்காலத்தில் வீடு விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நாற்பது நாள் அதில் போனது. அந்த நாற்பது நாளும் அவன் பிரியாணியை விட்டதாகத் தெரியவில்லை.

வீட்டில் பாதி அவன் பெயரில். மீதிப் பாதி என் வீட்டுக்காரர் எட்வின் பெயரில் இருந்தது, இப்போது என் பெயரில். எட்வின் போய் மூன்று வருடம். டேனியலை இனி டே. என்று எழுதினால் போதும். முழுப் பெயர் எழுதினால் மை வீண்.

செய்ய வேண்டியது:
பெயின்டர்.
கேட்டுக்கு எண்ணெய்.
மாங்காய் பறிக்க ஆள்.
டே. போன் செய்தால் எடுக்காமல் இருப்பது.

மே 8, வியாழன்

அதே வெயில். வீடெல்லாம் பெயின்ட் நாற்றம், தலைவலி.

கலர் டே. தேர்ந்தெடுத்தது. க்ரீம். "க்ரீம்னா எதுவும் தெரியாது அண்ணி" என்றான். எது தெரியக் கூடாது என்று சொல்லவில்லை. எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

போன கார்த்திகையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ஹாலிலிருந்து அடுப்படி வரை எல்லாச் சுவரிலும் ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு. எதிர்வீட்டு லோகேஸ்வரியின் மாடியில் இரண்டு நாள் இருந்தேன். சேலையூரில் மூன்றாவது மாடியில் இருக்கிற டே.வுக்குப் போன் செய்தேன். "இங்க லிஃப்ட் ஓடல அண்ணி, நீங்க எப்படி ஏறுவீங்க" என்றான். என் மூட்டுவலி மேல் திடீரென்று அவ்வளவு அக்கறை.

அன்றைக்கே முடிவு செய்தேன். இன்னொரு மழைக்காலம் இந்த வீட்டில் கிடையாது. விற்று, என் பங்கில் கேம்ப் ரோடு பக்கம் ஒரு சின்ன ஃப்ளாட். முதல் மாடி. தண்ணீர் ஏறி வராத ஒரு படுக்கை. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பெயின்டர் பின் அறையில் பீரோவைத் தொட்டுப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

"இத்த நவுத்த முடியாதும்மா. கால்லாம் துருப்புடிச்சு கீது. கயண்டுடும். பின்னாடி மட்டும் வுட்டுடறேன், யார் பாக்கப் போறா?"

விடு என்றேன். இந்த வீட்டில் இப்போது அந்தக் கோடு மிச்சம் இருப்பது பீரோவுக்குப் பின்னால் மட்டும்.

மே 11, ஞாயிறு

கோயிலில் ஃபேன் ஓடவில்லை. பிரசங்கம் நாற்பத்தைந்து நிமிடம். தலைப்பு: பொறுமை.

மதியம் வீடு பார்க்க ஒரு ரிட்டயர்டு ஆசாமி. போனில் திசைகாட்டி வைத்துக்கொண்டு அறை அறையாகச் சுற்றினார். கக்கூஸ் இருக்கிற மூலை சரியில்லையாம். அந்த மூலையை என்னிடம் கேட்டா வைத்தார்கள்? எலுமிச்சை ஜூஸ் கொடுத்தேன். சர்க்கரை தூக்கல் என்றார். போகும்போது கேட்டை மூடவில்லை. மாடு உள்ளே வந்து செம்பருத்தியைத் தின்றது.

மே 17, சனி

காற்றே இல்லை. மாங்காய் பறித்தாயிற்று, இரண்டு கூடை. அடுப்படியில் வைக்கோலில் பழுக்கிறது.

குமரேசன் ஒரு ஜோடியைக் கூட்டி வந்தார். சிறுசேரி பக்கம் கம்பெனி வேலை, இருவருக்குமே. அவன் பெயர் கார்த்திக். வாய் திறக்கவில்லை, போனிலேயே இருந்தான். அவள் சங்கீதா. வாய் மூடவில்லை.

கிச்சன் சின்னது. ஜன்னல் பழைய மாடல். "இந்த டைல்ஸ மாத்திடலாம்ல, ரொம்ப டல்லா இருக்கு." எட்வின் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கிய டைல்ஸ். பூஜையறையே இல்லாத என் வீட்டில், பூஜையறை இங்கே வரும் என்று என் கட்டிலைக் காட்டிக் கைநீட்டினாள். இவளுக்கு இந்த வீட்டை விற்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் வராது என்று நினைத்துக்கொண்டேன். நன்றாகக் கிடக்கட்டும் தண்ணீரில்.

வெளியே வந்தார்கள். தெரு காய்ந்து புழுதி பறந்தது. மழைநீர் போகிற கால்வாயில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். யார் பார்த்தாலும் இங்கே தண்ணீர் என்று ஒன்று உண்டா என்றுதான் தோன்றும்.

அங்கே நின்று அவள் கேட்டாள். "மழைல தண்ணி நிக்குமா ஆன்ட்டி?"

குமரேசன் தொண்டையைச் செருமினார். நான் சொன்னேன்: "தெருவுல கணுக்கால் அளவு நிக்கும்மா. வீட்டுக்குள்ள வராது."

"நீங்க சொன்னா சரி ஆன்ட்டி. டீச்சர் வேற. அந்த ப்ரோக்கர் சொன்னா நம்பியிருக்க மாட்டேன்."

குமரேசன் என்னிடம் காதோடு, "மாம்பயம் குடு டீச்சர், மாம்பயம்" என்றார். பையில் ஆறு போட்டுக் கொடுத்தேன். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு முதல் முறையாகச் சிரித்தாள். அடுத்த சனி டேப் எடுத்து வந்து அளந்துவிட்டு, அட்வான்ஸ் பேசலாம் என்றாள்.

மே 18, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று டே.விடம் சொன்னேன். தலைவலி இல்லை.

நாங்கள் இந்த வீட்டை வாங்கியதும் மே மாதம். விற்ற ஆளின் பெயரை நான் வாயால் சொல்வதில்லை, இங்கேயும் எழுத மாட்டேன். சிரித்த முகம், வெள்ளைச் சட்டை. எட்வின் அவரிடம் இதே கேள்வியைக் கேட்டார். "தெருவுல கணுக்கால் அளவு நிக்கும் சார். வீட்டுக்குள்ள வராது." அதன் பிறகு ஒரு பை மாம்பழம் கொடுத்தார். இதே மரம். எட்வின் ஒரு வாரம் அந்தப் பழத்தின் புகழ் பாடினார்.

முதல் மழையில் தெரிந்தது. அதிலிருந்து தண்ணீர் வந்த ஒவ்வொரு கார்த்திகையிலும் அந்த ஆளைத் திட்டியிருக்கிறேன். வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றும்போது, நனைந்த கல்யாணப் புடவையைப் பிழியும்போது, எட்வினுக்கு மூச்சு வாங்கியபோது. சாபம் விடக் கூடாது என்று ஞாயிறுப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். விட்டேன். அவனும் தண்ணீரில் கிடக்க வேண்டும் என்று ஜெபத்திலேயே கேட்டேன்.

நேற்று அவன் வாக்கியத்தை ஒரு எழுத்து பிசகாமல் சொல்லியிருக்கிறேன். பழத்தோடு. பழம் கொடு என்று அவனுக்கும் இதே குமரேசன்தான் சொல்லியிருப்பார்.

இன்று ஒரு மாம்பழமும் சாப்பிடவில்லை. லோகேஸ்வரிக்கு ஒரு கூடை கொடுத்தேன். "இன்னா டீச்சர், வூடு முடிஞ்சிடுச்சா?" என்றாள். மழைக்கு மாடி கொடுத்தவள். என்ன சொல்ல? தெரியாது என்றேன்.

மே 24, சனி

மூன்று மணிக்கு வந்தார்கள். வானம் கொஞ்சம் கறுத்தது, மழை இல்லை, புழுக்கம். டே.வும் வந்திருந்தான். புதுச் சட்டை.

சங்கீதா டேப்போடு அறை அறையாக அளந்தாள். பின் அறையில் பீரோ எதிரே நின்றாள்.

"இங்கதான் தொட்டில் போடணும்னு நினைச்சோம். பீரோவுக்குப் பின்னால எவ்ளோ இடம் ஆன்ட்டி?"

"அது கனமா இருக்கும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று டே. முந்திக்கொண்டான். வியர்த்திருந்தது அவனுக்கு. எனக்கும். பேசாமல் இருந்தால் போதும். ஆடிக்கு முன் பத்திரம். ஐப்பசிக்கு நான் முதல் மாடியில்.

நான் சொன்னேன்: "கார்த்திக், ஒரு கை பிடிப்பா. நவுத்திடலாம்."

"அண்ணி" என்றான் டே.

இழுத்தோம். ஒரு கால் மடங்கியது, சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். பின்னால் பழைய பச்சைச் சுவர். அதில் கோடு, நான் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. கீழே செதில் செதிலாகச் சேறு.

சங்கீதா குனிந்து டேப்பைத் தரையில் வைத்து அளந்தாள். ஒன்றரை அடிக்கு ஒரு இஞ்ச் மேலே. அதைப் போனில் குறித்துக்கொண்டாள்.

"வருஷா வருஷமா ஆன்ட்டி?"

"வருஷா வருஷம் இல்ல. வந்தா இவ்ளோ."

"போன வாரமே சொல்லியிருக்கலாம்ல. ரெண்டு சனிக்கிழமை வேஸ்ட். நான் உங்கள நம்பினேன்."

ஒரு தேங்க்ஸ் இல்லை. வயதுக்கு மரியாதை இல்லை. விறுவிறுவென்று போனாள். போன வாரம் கொடுத்த பை கேட் கம்பியில் தொங்குகிறது. உள்ளே இரண்டு பழம், அழுகியது.

எனக்கு நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளை எனக்குப் பிடிக்கவே இல்லை. அந்த வெள்ளைச் சட்டைக்காரன் மாதிரி ஆகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மே 26, திங்கள்

டே. போன். எடுத்தேன், எப்படியும் வீட்டுக்கு வருவான் என்று.

"உங்களுக்கு ஏன் அண்ணி இந்த வேலை? எல்லாரும் இப்படித்தான் விக்கிறாங்க. நமக்கும் இப்படித்தான வித்தான்?"

"அதுக்குத்தான்" என்றேன். புரியவில்லை அவனுக்கு.

"மழைல மறுபடி மாட்டிக்கிட்டா எனக்குப் போன் பண்ணாதீங்க."

"போன தடவை பண்ணி என்ன கண்டேன்?"

வைத்துவிட்டான். கோபம்தான், பயமும் உண்டு. ஐப்பசிக்கு இன்னும் ஐந்து மாதம்கூட இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

காலையில் தூறல், ஐந்து நிமிடம். மண் வாசனை எல்லாருக்கும் பிடிக்குமாம். நான் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியைத் தூக்கி மேலே வைத்தேன்.

கோயிலிலிருந்து வந்தால் வீட்டில் பெயின்ட் வாசனை. பின் அறையில் பீரோ சுவரை ஒட்டி நிற்கிறது, மடங்கிய காலுக்கு ஒரு பலகை முட்டு. பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன். ஈரம். விரலில் க்ரீம்.

லோகேஸ்வரி வந்து சொன்னாள். "உன் கொயுந்தனாரு வந்தாரு டீச்சர், சாவி வெச்சிகினு. கூட பெயின்டரு. வர்ற ஞாயித்திக்கிழமை வேற பார்ட்டி வருதாம். நீ கோயில்ல இருக்கற டைமா பாத்து வரச் சொல்லிகீறாரு."

சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டயர் ஆனபோது கொண்டுவந்த போர்டு ஸ்கேலைத் தேடி எடுத்தேன். ஹாலில் நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவர். தரையிலிருந்து ஒன்றரை அடி, ஒரு இஞ்ச். கேட்டுக்கு வாங்கிய பிரவுன் பெயின்ட் மிச்சம் இருந்தது. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து இழுத்தேன். மேலே எழுதினேன்: போன கார்த்திகையில் தண்ணீர் இதுவரை. தூரத்திலிருந்தும் படிக்கிற அளவு எழுத்து, கரும்பலகைக் கை இன்னும் போகவில்லை.

கோடு நேராக வந்திருக்கிறது.

நாளைக்கு:
பூட்டு மாற்ற ஆள்.
மூட்டுவலித் தைலம்.
ஹாலோ பிளாக் பதினாறு. பீரோவைத் தூக்கி வைக்க எட்டு, ஃப்ரிட்ஜுக்கு எட்டு.