பலகைச் சுவரும் இரண்டு ஈரல்களும்

2024 மார்ச் 4

நான் குடிப்பதில்லை. இதை எழுதிவைக்க வேண்டிய நிலை வந்ததே அவமானம். ஆனால் அரநாயக்கச் சந்தை முதல் தோட்டத் தொழிலாளர் லயம் வரை "டீமேக்கரம்மாவுக்கு ஈரல் போயிருச்சாம்" என்று பேச்சு. இங்கே ஈரல் போனால் கசிப்பு, கள்ளச் சாராயம்தான் காரணம். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. டீமேக்கரான என் கணவர் பெக்டரியில் வாழ்நாள் முழுக்கத் தேயிலைச் சாயத்தைத்தான் ருசி பார்த்தார். நான் கிறிஸ்மஸ் வைனைக்கூட முகர்ந்துவிட்டு வைப்பவள்.

நடந்தது இதுதான். காய்ச்சலுக்கு இரத்தம் சோதித்தார்கள், ஈரல் அளவுகள் ஏறியிருந்தன. மறுபடி சோதித்தார்கள். ஹெபடைடிஸ் பி என்ற வைரஸ். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

மார்ச் 12

கேகாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் அம்ரா மாவனல்லை ஊர் முஸ்லிம் பிள்ளை. கையெழுத்து மோசம், பேச்சு தெளிவு.

"ஒங்களுக்கு இது பொறக்கக்குள்ளேயே உம்மாகிட்ட இருந்து வந்திருக்கும். பச்சப்புள்ள ஒடம்பு வைரஸ வீட்டாள்னு நெனச்சிட்டுது. எதிர்த்து அடிக்க வேண்டிய கலங்க, செல்லுங்க, பேசாம இருந்துட்டுது."

எழுபது வருடத்துக்கு மேலா? வாழ்க்கையில் ஒரு ஞாயிறு பூசைக்குக்கூடப் பிந்தியதில்லை நான். என் கலங்கள் தூங்கியிருக்கின்றன!

இப்போது விழித்துக்கொண்டு அடிக்கின்றனவாம். ஈரலைக் கெடுப்பது வைரஸ் அல்ல, அதைத் தேடி வீட்டை உடைக்கும் நம் கலங்களேதானாம். தினமும் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். என் ஸ்கேனில் கட்டி இல்லை.

அம்மா ஈரல் கட்டியில்தான் போனார் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கூடப்பிறந்தவர்கள் யார் என்று கேட்டார்.

"ஒரு தம்பி. எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை."

"பேசத் தேவையில்லம்மா. அவர் ரத்தம் குடுத்தாப் போதும்."

மார்ச் 13

தம்பி ரொபர்ட் தொலைவில் இல்லை. அப்பா கட்டிய வீட்டின் மறுபாதியில் இருக்கிறான். நடுவில் ஒரு பலகைச் சுவர். ஏழு வருடம் முன்பு என் பாதிக் கூரைமேல் தன் டிவி டிஷ்ஷைப் பூட்டினான். "அங்கதான் சிக்னல் வருது" என்றான். கழற்று என்றேன். கழற்றவில்லை. அன்றோடு சரி. அவசியமானவற்றை இரு பக்கமும் வேலை செய்யும் சுப்பம்மா கொண்டுபோவாள், கொண்டுவருவாள். வழியில் உப்பும் புளியும் சேர்ப்பாள்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

கோயிலில் வரிசையில் போய்ச் சிலுவை முத்தி செய்தேன், ஆண்டவரின் பாதத்தில். ஒவ்வொரு முத்தத்துக்கும் பிறகு துடைக்கத் துணியோடு நின்றது ரொபர்ட். மற்றவர்களுக்கு ஒரு துடைப்பு. எனக்குப் பிறகு அழுத்தி அழுத்தித் துடைத்துவிட்டு, துணியையும் மாற்றினான்; வைரஸ் பேச்சு சுப்பம்மா வழியாகப் பலகையைத் தாண்டியிருக்கிறது. ஆண்டவரின் பாதத்தில் வெள்ளிப் பூச்சு போயிருக்கும்.

மார்ச் 31, உயிர்ப்பு ஞாயிறு

பேச்சு நின்றாலும் பலகாரத் தட்டு நின்றதில்லை. இன்று என் கேக் தட்டு மூடிய துணியோடு அப்படியே திரும்பி வந்தது.

சுப்பம்மா தரையைப் பார்த்தாள். "ஐயாவுக்கு வயிறு சரியில்லையாம்மா. பயமெல்லாம் இல்லயாம்."

பயமா என்று யார் கேட்டது? ஒரே கோப்பையில் குடித்தாலும் ஒரே தட்டில் சாப்பிட்டாலும் இது தொற்றாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லி அனுப்பவில்லை. கெஞ்சுவது போலிருக்கும்.

கேக் நன்றாக வந்திருந்தது. நானே முழுவதையும் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 3

வயிறு சரியில்லையாம். அது வெறும் சாக்கு இல்லாவிட்டால்? அம்மாவுக்கும் முதலில் வயிறுதான்.

சொல்லி அனுப்பினேன். ஒரே அம்மாவுக்குப் பிறந்திருக்கிறோம், உனக்கும் இருக்கலாம், இரத்தம் சோதித்துக்கொள்.

ஏப்ரல் 4

பதில் வந்தது. சுப்பம்மா இடுப்பில் கைவைத்து ஐயாவைப் போலவே நின்று சொன்னாள்: "நான் போய் ஆஸ்பத்திரியில குந்தியிருக்க, அவங்க ஆள வச்சு டிஷ்ஷக் கழட்டவா? எனக்கு எல்லாம் தெரியும்னு சொல்லு."

முட்டாள். அம்மாவின் பிடிவாதம் முழுவதும் அவனுக்கே போயிருக்கிறது. எனக்கு வந்தது வைரஸ் மட்டும்.

ஏப்ரல் 8

கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். டிஷ்ஷில் காகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அம்மாவின் கடைசி மாதம் ஞாபகம் வந்தது. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. ரொபர்ட்தான் தூக்கி உட்கார வைப்பான்.

"டிஷ் இருக்கட்டும்னு சொல்லு," என்றேன். "அவன் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். ரத்தம் மட்டும் குடுக்கச் சொல்லு."

சுப்பம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஏப்ரல் 9

அதை எழுத்தில் கேட்கிறான்! எழுதிக் கொடுத்தேன், கையொப்பத்தோடு. அவனுடைய பேத்தி தனுஜா சாட்சிக் கையெழுத்து வைக்கும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 25

ரொபர்ட் கேகாலைக்குப் போய்வந்தான். போனபோது கூரையைப் பார்த்தான், வந்ததும் பார்த்தான்.

மே 14

இருக்கிறது. வைரஸும் இருக்கிறது, ஸ்கேனில் ஒரு சிறிய கட்டியும் இருக்கிறது. தனுஜா வந்து சொல்லிவிட்டு அழுதாள். அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன்.

மே 15

பலகைக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் இல்லை. ஏழு வருடம் நிறுத்தச் சொன்ன சத்தம்.

போடேன்டா.

மே 17

மாத்திரைக்காகக் கேகாலைக்குப் போன இடத்தில் டொக்டர் அம்ராவைப் பிடித்து நிறுத்தி எல்லாம் கேட்டேன். கட்டி சிறியது, ஊசி விட்டுச் சூட்டால் கருக்கலாமாம், கொழும்பில். நேரத்தோடு கண்டுபிடித்தது நல்லது என்றார். யாரால் என்று நான் சொல்லவில்லை.

மே 18

மாலையில் பலகை பேசியது.

"அக்கா."

கையிலிருந்த கரண்டி விழுந்தது.

"ஒடம்புல எதிர்த்து நிக்கிற கலங்க இருக்குங்கிறாங்களே. கட்டி வளர்ற வரைக்கும் அதுங்க என்னத்தப் பண்ணிச்சு?"

"பக்கத்துலதான் நின்னுச்சாம். ரொம்ப நாள் வைரஸோட மல்லுக்கட்டிக் களைச்சுப்போச்சு. கட்டியும் கைய நீட்டி நில்லுன்னு சொல்லுமாம், இதுங்களும் நின்னுருமாம். மாதா திருவிழாவுக்குக் கையில பட்டி கட்டிக்கிட்டு ஒன் தொண்டர்ங்க நிப்பாங்களே, அந்த மாதிரி."

"என் பசங்க ஒழுங்கா நிப்பாங்க!"

"நிப்பாங்க. அதத்தான் டொக்டரும் சொல்றாங்க."

சிரித்தான். இருமல் வரும்வரை சிரித்தான்.

"அந்தக் கைய எடுத்துவிடுற மருந்தும் இருக்காம்," என்றேன். "ஒனக்கு இப்ப அது வேணாமாம். கருக்கினாப் போதுமாம்."

"பயமா இருக்குக்கா."

விழுந்த கரண்டியை எடுத்துக் கழுவினேன். இது பேச்சுவார்த்தை ஆகாது. பலகையிடம் சொன்னதுதான்.

சற்று நேரத்தில் அங்கே செய்தி சத்தமாக ஓடியது. நானும் கேட்டேன்.

மே 26

ரொபர்ட் பக்கத்திலிருந்து தட்டு வந்தது. தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல். வெட்டு கோணல், எண்ணெய் அதிகம். சாப்பிட்டேன்.

ஜூன் 2

சுப்பம்மாவிடம் வாயால் சொல்லிவிட்டால் மாற்றிவிடுவாள். அதனால் எழுதி அனுப்பினேன். நகல்:

ரொபர்ட்,

வியாழக்கிழமை கொழும்புக்கு நானும் வருகிறேன். தனுஜாவுக்குப் பரீட்சை, அவளை இழுக்காதே. முதல் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்கு. டொக்டரிடம் கேள்விகளை நான் கேட்பேன், நீ தலையாட்டினால் போதும். நீ உள்ளே இருக்கும்போது டிஷ்ஷை யாரும் தொட மாட்டார்கள்.

பிளாஸ்கில் தேநீர் கொண்டுவருகிறேன். கோப்பை ஒன்றுதான் எடுத்துவருவேன், இருவரும் அதிலேயே குடிக்க வேண்டும். சம்மதமா இல்லையா என்று எழுத்தில் பதில் தரவும்.

அக்கா