அப்பீலை நான் பேசி முடித்த விவரம்

சேந்தமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நௌஷீனுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், டெல்லியில் நீயும் அப்படியே இருக்க துஆச் செய்கிறோம். போன் இருக்க எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், இதை நான் முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மிளகு இந்த வருஷம் சுமார். உன்னைப் பெண் கேட்டு ராசிபுரத்திலிருந்து ஒருவர் வந்தார், பொண்ணு என்ன வேலைங்க என்று கேட்டார், பதிப்புரிமை, கம்ப்யூட்டர் சட்டம் இவற்றில் அப்பீல் மட்டும் நடத்தும் அறக்கட்டளையில் வக்கீல், கட்சிக்காரரிடம் காசு வாங்குவதில்லை என்றேன். அப்போ தோத்தவங்க மட்டுந்தான் வருவாங்களா என்றார். யோசித்துப் பார்த்தேன், ஆமாங்க என்றேன். அதன் பிறகு அவரிடமிருந்து தகவல் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பதினாறாம் தேதி சென்னையில் நீ பேசப்போகும் அப்பீலை நான் போன திங்கட்கிழமை சமாதானமாக முடித்துவிட்டேன். கோபப்படாமல் மேலே படி. போன மாதம் நீ போனில் பயமாக இருக்கிறது அத்தா, சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னாய். அன்றிலிருந்து எனக்கும் இறங்கவில்லை. ஒரு பக்கம் உன் கட்சிக்காரர், நம் சூசைமாணிக்கம் சார், மலைமேல் வாத்தியார், இன்னொரு பக்கம் பரீட்சைக் கைடு அச்சுப் போடும் அண்ணாமலை, என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள். மிளகு மண்டியில் எத்தனை தகராறைப் பேசித் தீர்த்திருக்கிறேன், இதற்கு எதற்கு ஐகோர்ட் என்று நினைத்தேன். அண்ணாமலையைப் பார்த்தேன். அவன் கைடைச் சார் தன் குரலில் வாசித்துப் பதிவு செய்து மெமரி கார்டில் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததுதான் அவனுக்கு மனத்தாங்கல், எங்க ஆப்புல கேக்கட்டுமே என்கிறான். சார் இருக்கும் மலையில், பெரக்கரை நாட்டில், சிக்னல் கிடைத்து அந்த ஆப் திறக்க வேண்டுமானால் பலா மரத்தில் ஏற வேண்டும், அதைச் சொன்னேன், டவர் போடுறது என் வேலையா என்றான். கடைசியில் கார்டுகளையெல்லாம் திரும்ப வாங்கி அழித்துவிட்டு அப்பீலை வாபஸ் வாங்கினால், கீழ்க்கோர்ட் சார் தலையில் போட்ட நஷ்ட ஈட்டை விட்டுவிடுவதாக ஒத்துக்கொண்டான். மிளகு எடுக்க மலைக்குப் போனபோது சாரிடம் அதை எழுதிய காகிதத்தை நீட்டினேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மிளகு மூட்டை மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு சுலபமான வேலைக்கு நீ இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டாயே என்று நினைத்தபடியே கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி வந்து அண்ணாமலை கையில் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி மலைக்குப் போனேன். நமக்கு மிளகு போடும் பொன்னம்மாள் வாசலில் எடை போட்டுக்கொண்டிருக்கும்போது சார் ஒரு ஊறுகாய்ப் பாட்டிலோடு வந்தார். அதில் முப்பத்தொரு கார்டு. வீடு வீடாகப் போய் வாங்கியிருக்கிறார். பொன்னம்மாள் பிள்ளையின் போனிலிருந்து கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பரீட்சை வர்ற நேரத்துல யாருங்க சார் இதை வாங்கச் சொன்னது என்று கேட்டாள். கோர்ட்டுங்கம்மா என்றார் அவர். நான் பக்கத்திலேயே தராசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வெளியே வந்ததும் ஏன் சார் என் பேரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அவர், உங்க பாப்பா எனக்காக ரெண்டு வருசமா காசு வாங்காம ஓடுதுங்க, எப்பக் கேட்டாலும் இது உங்க ஒருத்தர் கேஸ் இல்லீங்க சார், தீர்ப்பு நல்லபடியா வந்தா பாடம் சொல்ற எல்லாருக்கும் ஆகும்னு சொல்லும், இப்போ பாப்பாவுக்கே அலுத்துப்போயி சொல்ல மனசில்லாம உங்கள அனுப்பிச்சிருக்குதுன்னு நினைச்சேனுங்க, உங்க பேரச் சொன்னா பாப்பா மேலதானுங்க பழி வரும் என்றார். கண்ணு, மீதி மிளகை நான் எடை போடவில்லை.

அடுத்த பஸ்ஸிலேயே இறங்கி நேராக அண்ணாமலை கடைக்குப் போனேன். நல்லவேளை, காகிதம் இன்னும் அவன் மேஜைக்குள்ளேயே இருந்தது, வரும் திங்கட்கிழமை வக்கீலிடம் கொடுப்பதாக இருந்தான். அதைத் திருப்பிக் கேட்டேன். சொன்ன விலையை நீ மாத்தி நான் பாத்ததே இல்லியே ஜாபரு என்றான். இதுதான் முதல் தடவை என்றேன். அவன் காகிதத்தை எடுத்து மேஜையில் போட்டுவிட்டுக் கணக்குப் பிள்ளையோடு பேசப் போய்விட்டான். டீ சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருஷப் பழக்கத்தில் அந்தக் கடையில் நான் டீ குடிக்காமல் எழுந்தது அன்றைக்குத்தான். அதற்காக நீ அவனுக்கு விட்டுக்கொடுத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் கோர்ட்டில் அவனைப் பற்றி மரியாதையாகப் பேசு.

அந்தக் காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், நானே கிழித்திருப்பேன், உன்னைக் கேட்காமல் இன்னொரு காரியம் செய்யப் பயமாக இருந்தது. ஜெயிப்பதும் தோற்பதும் அல்லாஹ் கையில், தீர்ப்பு வாங்காமல் மட்டும் வந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த அறிவும் கிடைக்க நானும் அம்மாவும் ஐந்து வேளையும் கேட்கிறோம். ஒன்றே ஒன்று மறக்காதே, இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் எனக்குப் போன் செய்யாதே, முதலில் சூசைமாணிக்கம் சாருக்குச் செய். நீ அனுப்பி நான் வரவில்லை என்று அவரிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். சரிங்க, சரிங்க என்கிறார். ஆனால் கார்டுப் பாட்டிலை இன்னும் யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அத்தா
ஜாபர் உசேன்