முதுகில் இருப்பவன்

10 ஜூலை 1977, ஞாயிறு

அண்ணன் லுவுயோ குளிரில் வெளியே குழாயடியில் நின்றான். அவன் மனைவி நொஸூகோ உள்ளே அப்பாவோடு சாப்பிட்டாள். பிறகு அவள் வெளியே, அவன் உள்ளே. அப்பா மீது வெள்ளைக்கார அரசு போட்ட தடையுத்தரவு அப்படி. கூடக் குடியிருக்கும் என்னைத் தவிர, ஒரு நேரத்தில் ஒரே ஒருவரோடுதான் அவர் இருக்கலாம். இன்னொருவர் வந்துவிட்டால் அது 'கூட்டம்'. ஒரு முறை மீறியதற்கான தண்டனையை நிறுத்திவைத்திருக்கிறார்கள். இன்னொரு முறை என்றால் நேராகச் சிறை.

"சோளத்தை மொத்தமா காலி பண்ணிடாதே நொஸூகோ! அடுத்த ஷிப்ட் நான்தான்!" என்று ஜன்னல் வழியே கத்தினான் லுவுயோ.

அப்பா சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று.

14 ஜூலை

லுவுயோவைச் சுட்டுவிட்டார்கள்.

15 ஜூலை

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஊர்வலத்தைப் போலீஸ் சுட்டதாம். அவன் ஊர்வலத்தில்கூட இல்லை. கார் தொழிற்சாலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றிருந்தான். இனி யாரிடம் போய் இதைச் சொல்வது? சொன்னால் என்ன ஆகும்?

எங்கள் வழக்கத்தில் மகன் குழியில் முதல் மண் தகப்பன் கையால்தான் விழ வேண்டும். அவர் போடாமல் வேறு யாரும் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள். அம்மா செத்தபோது அப்பா சிறையில் இருந்தார். கேட்டார், கெஞ்சினார், விடவில்லை. இப்போதும் மனுப் போட்டிருக்கிறோம். மனுஷன் தன் பிள்ளையைப் புதைக்க மனு!

20 ஜூலை

அனுமதி வந்துவிட்டது. இடுகாட்டுக்குப் போகலாம். ஆனால் தடையுத்தரவின் விதிகள் அங்கேயும் செல்லும்.

ஊரே திரண்டு வரப்போகிற இடம் அது. வேண்டுமென்றே செய்கிறார்கள். அப்பா சாப்பிடவில்லை. கேட்டால், "பசிக்கலை வாத்திஸ்வா, நீ சாப்பிடு." அவர் சொன்னதை யாரும் அச்சில் போடக் கூடாது என்பதும் சட்டம். இது அச்சு இல்லை. எழுதுவேன்.

23 ஜூலை, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஜனம் முழுவதும் கம்பி வேலிக்கு வெளியே நின்றது. உள்ளே குழியருகில் அப்பா மட்டும். முதல் மண்ணை அவர் போட்டார். அதன்பின் ஒவ்வொருவராக உள்ளே போய், அப்பாவின் கையைப் பிடித்து, ஒரு பிடி மண் போட்டுவிட்டு வெளியே வந்த பிறகுதான் அடுத்தவர். "பேலே... பேலே..." என்று அவர் குலப்பெயரைச் சொல்லி அழுதார்கள். சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதித்தோம். முடியவே முடியாத வரிசை.

போலீஸ் சார்ஜென்ட் ஸ்னைமன் வேலி வாசலுக்குள் ஒரு காலை வைத்தான். வரிசையில் நின்ற குவெத்தா கிழவர் விடவில்லை. "ஐயா, நீங்க உள்ளே போனா கணக்கு தப்பிடும். கூட்டம் சேர்த்த கேஸ்ல நீங்களே மாட்டிக்குவீங்க. வெளியே நில்லுங்க." வரிசையே சிரித்தது. இடுகாட்டில், லுவுயோவைப் புதைக்கும்போது, சிரித்தோம்.

அப்புறம் நொஸூகோவின் முறை. முதுகில் போர்வையால் இறுக்கிக் கட்டியிருந்த லுவுயோவின் கைக்குழந்தையோடு போனாள். எங்கள் பெண்கள் அப்படித்தான் தண்ணீருக்கும் போவார்கள், சாவுக்கும் போவார்கள். முதுகில் இருப்பதை யார் தனியாக எண்ணுவார்கள்? எனக்கும் தோன்றவில்லை, அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஸ்னைமனுக்குத் தோன்றியது. விரலை நீட்டி எண்ணினான். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

பாதிக்குழிகூட நிறையவில்லை. அப்பாவை வேனில் ஏற்றிவிட்டார்கள்.

24 ஜூலை

நொஸூகோ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். "நான் அவனை உன்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்கணும், நாத்தனாரே. ஏன் குடுக்கலை? ஏன்?"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை வந்துவிடும். அவள்மேல் எதற்குக் கோபம்? ஆனால் கோபம் இருக்கிறது.

2 ஆகஸ்ட்

வக்கீல் சோம்யோ தெம்பாகப் பேசுகிறார். "கைக்குழந்தை சட்டப்படி தனி ஆள் இல்லைன்னு வாதாடுவேன். அப்போ ரெண்டு பேர்தானே? உங்கப்பா வீட்டுக்கு வந்துடுவார் பாரு." இன்றுதான் தூங்கப்போகிறேன்.

15 ஆகஸ்ட், திங்கள்

கடவுளே. இந்த மனுஷனை என்ன செய்வது?

சோம்யோ நன்றாகத்தான் வாதாடினார். "தாயின் உடம்போடு கட்டியிருப்பது. ஒரு மூட்டைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?" என்றார். வெள்ளைக்கார நீதிபதி தலையை ஆட்டியதை என் கண்ணால் பார்த்தேன். தலையை ஆட்டினார்! இன்னும் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அப்பா எழுந்தார்.

"மூட்டை இல்லைங்க. அவன் ஆளுதான். மோண்டேன்னு பேரு. எண்ணிக்கோங்க."

சோம்யோ அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். "பேலே, உட்காருங்க, கெஞ்சிக் கேட்கிறேன்."

"நாங்களும் ஆளுங்கதான்னு சொல்லித்தான் முப்பது வருஷமா உதை வாங்கறேன். இப்போ இவன் ஆளில்லைன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போகவா?"

மூன்று வருடம்.

வேனில் ஏற்றும்போது என்னைத் தேடினார். நான் திரும்பிக்கொண்டேன்.

16 ஆகஸ்ட்

யாருக்காகச் செய்தார்? மோண்டேக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. அவனுக்கு வேண்டியது பக்கத்தில் ஒரு தாத்தா. எனக்கு வேண்டியது வீட்டில் ஒரு அப்பா. நியாயம், நியாயம். அடுப்பு அணைந்து கிடக்கிறது.

3 செப்டம்பர்

ஒன்றுமில்லை எழுத.

5 நவம்பர், சனி

சிறைக்கு ஒரே ஒருவர் வரலாம் என்று அனுமதி கிடைத்தது. நொஸூகோவுக்கு வெள்ளைக்காரர் வீட்டு வேலையில் லீவு தரவில்லை. மோண்டேயை என் முதுகில் கட்டிக்கொண்டு போனேன். பேரனைப் பார்த்தாலாவது அவர் முகம் தெளியும் என்று. திரும்பிக்கொண்டதற்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன்.

வாசலில் காவலாளி, நம் ஆள்தான், பேனாவை எடுத்தான். "எத்தனை பேர்?"

"ரெண்டு."

"ஒருத்திதானே நிக்கறே."

"ரெண்டு பேர்."

முதுகை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "தங்கச்சி, இது பிழைக்கிற பேச்சா? ஒண்ணுன்னு சொல்லு, ஒண்ணுன்னு எழுதிக்கறேன். பெரியவர் காலையிலேர்ந்து உடுப்பை நீவி நீவி விட்டுட்டு உட்கார்ந்திருக்கார்."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வந்தது வேறு.

"இவன் பேரு மோண்டே. அதையும் எழுதிக்கோ."

அனுமதி ஒருவருக்குத்தான் என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த அனுமதி பிப்ரவரியில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. மோண்டே தூங்கிவிட்டான். பயல் கனக்கிறான்.