ஆறு மணிக்கு மசால் வடை

12.8.2009, புதன், குறிஞ்சிப்பாடி

சந்தோஷத்துல தூக்கமே வரல.

போன வாரம் சிதம்பரத்து கவுன்சிலிங் மேடம் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னாங்க. "குடியும் மனச்சோர்வும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு வருது. மனசு சரியாகட்டும்னு காத்திருக்காதீங்க. குடிக்கக் கடைக்குக் கிளம்புற நேரத்துல கைக்கு ஒரு வேலை குடுங்க." இவர் மசால் வடை சுடறேன்னார். இதுக்கா பஸ் ஏறி வந்தோம்னு எனக்கு ஒரே எரிச்சல்.

இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு, இவர்கூடக் குடிக்கிற குமார் வாசல்ல வந்து நின்னான். "மச்சான், வரியா?"

போச்சு, கிளம்பிடுவார்னு நெனச்சேன்.

இவர் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "கையெல்லாம் மாவுடா. எண்ணெ வேற காயுது. நீ போ."

குமார் போகல! உக்காந்து வடையா தின்னுட்டு நேரா வீட்டுக்குப் போனான். இவர் வாய்விட்டுச் சிரிச்சார். அந்தச் சத்தத்தக் கேட்டு எத்தனை மாசமாச்சு!

வடையில உப்பே இல்ல. நான் இன்னொண்ணு எடுத்துக்கிட்டேன்.

இப்போ தண்ணி குடிக்கப் போனா, அடுப்பு மேடையில கடலைப்பருப்பு ஊறுது. நாளைச் சாயங்கால வடைக்கு இப்பவே ஊறப் போட்டிருக்கார். அதுக்குள்ள புளிச்சு நாறிடும்.

நாறட்டும். இந்த மனுஷனுக்கு நாளைக்குன்னு ஒரு வேலை இருக்கு.